எடை அறையில் ஒரு தேர்வு

“எப்படி இருக்கீங்கன்னு கேட்டா எல்லாரும் ஏம்மா நல்லா இருக்கேன்னே சொல்றாங்க?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. மூவரும் லிஃப்டில் போய்க்கொண்டிருந்தார்கள். நலம் விசாரித்த பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் இறங்கிப் போயிருந்தார். பதில் சொன்னது அவள் அப்பா. “வேற ஏதாவது சொன்னா கேட்டவங்க நின்னு கேக்கணுமே கண்ணு. பாவம், அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.” லிஃப்ட் நிற்கும்வரை சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்காரர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், மத்தியானம் இல்லை. அவர் மனைவி இப்போது மகளோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றுதான் அவளும் சொன்னாள். அது பொய்யா மெய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. அழுகை வரும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும் காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல இருந்தது மனசு. அது அங்கேதான் இருந்தது. ஆனால் அவளுடையதாக இல்லை. சமைத்தாள், துவைத்தாள், மகளுக்குத் தலை பின்னினாள், இரவில் கைகூப்பி ஆண்டவனிடம் நின்றாள். கேட்க ஒன்றும் தோன்றாமல் வெறுமனே நின்றுவிட்டுப் படுத்தாள். அவனும் ஒன்றும் கேட்காமல் அவளை நிற்க விட்டான்.

அண்ணனுக்கு மாற்றல் உத்தரவு வந்தபோதுதான் வேலை தேட வேண்டிவந்தது. முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடும்போது வீட்டைக் காலி செய்ய வேண்டும். “எங்ககூடவே வந்துடும்மா” என்றார் அண்ணன், செருப்பைப் பார்த்துக்கொண்டு. கூப்பிட்டது மனதாரத்தான். ஆனால் புது ஊரில் கிடைத்திருப்பது ஒற்றை அறை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுக்கு அறை ஒரு பொருட்டில்லை. அப்பாவையும் வீட்டையும் ஒரே வருடத்தில் விட்ட குழந்தை, பள்ளிக்கூடத்தையும் தோழிகளையும் விட வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதைவிட, மரத்துக் கிடந்த அவளுக்குள் அந்த ஒன்று மட்டும் முள்போலத் தெரிந்தது எனலாம்.

அண்ணிதான் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தாள். துணி மடிக்கிற கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அண்ணனின் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொள்வாள்.

“வாங்கம்மா, உக்காருங்க. ஏய், இப்படியா பொத்துன்னு உக்காருவ? அதிகாரி முன்னாடி உக்காரச் சொன்னப்புறம்தான் உக்காரணும்.”

“நீங்கதானே அண்ணி உக்காரச் சொன்னீங்க?”

“எதிர்த்துப் பேசாத. வேலை போயிடும்.”

“இன்னும் வேலையே கிடைக்கல.”

“கிடைக்காமலே போயிடும். சரி, சொல்லு. உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

ஐந்து கேள்விகள். உங்களைப் பற்றி, முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள், உங்கள் பலம் என்ன, குறை என்ன, எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள். அண்ணி எங்கோ கேட்டுவந்து, பதில்களையும் அவளே தயாரித்தாள். குறைக்கு, “எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன், அதுதான் குறை” என்று ஒரு பதில். “இது எப்படி அண்ணி குறையாகும்?” “அதுதான்டி சூட்சுமம். குறை மாதிரி இருக்கணும், குறையா இருக்கக் கூடாது. உங்கண்ணன் என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ எங்கப்பா அப்படித்தான் சொன்னாரு, எம்பொண்ணு கொஞ்சம் வாயாடின்னு.” “அது நிஜமாச்சே.” “அதான் மாட்டிக்கிட்டாரு!”

ஒரு மாதம் இரவும் பகலும் அதே வரிசையில் கேட்டாள். அதே வரிசையில் பதில் வந்தது.

முதல் தேர்வு ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில், கிடங்கு எழுத்தர் வேலைக்கு. உள்ளே இருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் அவருக்கு அண்ணியின் வரிசை தெரியாது.

“உங்ககிட்ட இருக்கிற குறைன்னு எதைச் சொல்வீங்க?” என்று ஆரம்பித்தார்.

அண்ணியின் முதல் கேள்விக்கு எந்தப் பதில் தயாராக இருந்ததோ அது வாயிலிருந்து வந்தது. “எங்க குடும்பத்துல மூணு பேர் சார். இப்போ ரெண்டு பேர்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சட்டென்று சமையலறைக்குப் போய்விட்டாள். வெகுநேரம் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தப்பு என்மேல. இனிமே வரிசையெல்லாம் கிடையாது” என்றாள். அன்றிலிருந்து கேள்விகள் எங்கிருந்து பாயும் என்று தெரியாது. குளியலறைக்குள்ளிருந்து, “அந்தச் சோப்பை எடு. உன் பலம் என்ன?” என்று குரல் வரும். பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்ததும், “இத்தனை வருஷம் வீட்ல என்னம்மா பண்ணீங்க?” என்று அதிகாரிக் குரலில் கேட்பாள். முன் இருக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

“உனக்குப் பயமே இல்லையேடி” என்றாள் ஒருநாள்.

“பயப்படறதுக்கும் ஒரு தெம்பு வேணும் அண்ணி.”

அண்ணி அவள் புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

அடுத்த அழைப்பு ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் இதே மாதிரி ஒரு கம்பெனியில், எடை அறையில் வேலை பார்த்தவள். மாத்திரைக்குள் போகும் பொடிகளை அளந்து கொடுக்கும் அறை அது. அங்கே யாரும் தனியாக எடை போடக் கூடாது. ஒருவர் போட வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்ப்பவர் போடுபவரை நம்பக் கூடாது. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். தெரியாத யாரோ ஒரு நோயாளிக்காக இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே நிற்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் தர அதிகாரி. நரை முடியை இறுக்கிக் கட்டிய அம்மாள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

“ரொம்ப வருஷம் விட்டுப்போச்சே. வேலை மறந்திருக்குமே?”

“கை மறக்காது மேடம்.” இது அண்ணி தயாரித்ததில்லை. தானாக வந்தது.

“பார்ப்போம்” என்றார் அம்மாள்.

வேலை ஒன்று. மிச்சமிருந்தவர்கள் நான்கு பேர். இருவர் இருவராக எடை அறைக்குள் போக வேண்டும். அவளுக்கு ஜோடியாக வந்தவர், அவள் வயதே இருக்கும் ஒரு நெட்டை மனிதர். உடை மாற்றும் அறையில் அங்கி அவருக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. காலுறையை இழுத்துப் பார்த்தார். அது கிழிந்தது.

“என் காலுக்குச் சேராதுங்க. என்னை எடுத்தா கம்பெனிக்குத் துணிச் செலவு ஏறும். அதுலயே என்னைக் கழிச்சுடுவாங்க” என்றார். அவள் சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். முகம் அசையவில்லை. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “எங்க கம்பெனியைப் போன வருஷம் பூட்டிட்டாங்க. பூட்டினவங்க சரியாப் பூட்டினாங்களான்னு இழுத்துப் பார்த்துச் சரிபார்த்தவன் நான்தான். பழக்க தோஷம்.”

தர அதிகாரி விதிகளைச் சொன்னார். “உள்ளே பொடி திறந்திருக்கும், பேசக் கூடாது. நீங்க எடை போடுங்கம்மா. நீங்க பாருங்க சார். தப்புன்னு பட்டா கையைத் தூக்குங்க. தப்பைக் கண்டுபிடிச்சவங்களுக்கு மதிப்பெண். தப்புப் பண்ணவங்க அப்படியே வீட்டுக்குப் போகலாம். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பேன்.”

அறை பழைய அறையைப்போலவே இருந்தது. எஃகு மேசை, மின் தராசு, மூடியோடு பொடி டப்பா, கரண்டி, வெற்றுப் பாத்திரம். சுவரில் இருந்த ஒலிபெருக்கி, “ஆரம்பிங்க” என்றது.

அவள் பாத்திரத்தைத் தராசின்மேல் வைத்தாள். டப்பாவின் மூடியைத் திறந்தாள். கரண்டியில் பொடியை எடுத்தாள். கைகள் தாமாகவே இயங்கின. அவள் எங்கோ தூரத்தில், அவற்றை வேறு யாருடைய கைகளையோபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை வைத்ததும் ஒரு விசையை அழுத்தி, பாத்திரத்தின் எடையைக் கழித்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். எடை அறையில் முதல் நாள் சொல்லித்தரும் முதல் பாடம் அது. அவள் அழுத்தவில்லை. அழுத்தவில்லை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கரண்டிப் பொடி பாத்திரத்தில் விழுந்திருந்தால் தப்பு தப்பாகியிருக்கும். நெட்டை மனிதர் கையைத் தூக்கினால் போதும், வேலை அவருக்கு.

கரண்டி பாத்திரத்தை நெருங்கியபோது அவர் கை மெல்ல நீண்டது. மேலே போகவில்லை. டப்பாவின் மூடியை எடுத்து டப்பாவை மூடியது.

எடை போடும் நடுவில் யாரும் டப்பாவை மூடமாட்டார்கள். அவள் கை நின்றது. நிமிர்ந்தாள். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளும் பார்த்தாள். ஒரு சிட்டிகைப் பொடிகூட விழாத தராசில் ஓர் எண் நின்றுகொண்டிருந்தது.

கரண்டியைத் திரும்ப வைத்தாள். விசையை அழுத்தினாள். எண் மறைந்து பூஜ்யம் வந்தது. அவர் மூடியைத் திறந்துவிட்டார். மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஒலிபெருக்கி கேட்டது. “சார், எடை முடியறதுக்குள்ள டப்பாவை ஏன் மூடினீங்க?”

அவர் கண்ணாடியைப் பார்த்து, “கைப்பழக்கம் மேடம்” என்றார்.

“கெட்ட பழக்கம். எடை போடறவங்களுக்கு இடைஞ்சல்.”

“ஆமாம் மேடம்.”

அது என் தப்பு, அவர் என்னைக் காப்பாற்றினார் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தந்திரமாக மறைத்தாள் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். சொல் மேலே ஏறி வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் வராத சொல்லுக்கும் ஒரு விலை உண்டு. அதை அன்று கட்டியவர் வேறொருவர்.

வாசலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்தாள்.

“அண்ணா, நீங்க கையைத் தூக்கியிருக்கலாமே.”

“தூக்கியிருக்கலாம்.”

“நானாவது சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா நீங்களும் வெளியே, விதியை மீறினதுக்கு நானும் வெளியே. வந்ததுக்கு ஒருத்தராவது உள்ள போகட்டுமே.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். “தப்பு நடந்தப்புறம் கண்டுபிடிச்சா மதிப்பெண்ணுங்கறாங்க. நடக்காம பாத்துக்கறதுதாங்க நான் இத்தனை நாள் பார்த்த வேலை. கை திடீர்னு வேற மாதிரி போக மாட்டேங்குது.”

பேருந்து வந்தது. குனிந்து ஏறினார். படியில் நின்று, “வேலை கிடைச்சா அந்தக் காலுறையைப் பெரிசாப் போடச் சொல்லுங்க” என்றார்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அண்ணியின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அண்ணனும் அண்ணியும் புது ஊருக்குப் போனார்கள். அவளும் மகளும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தார்கள். மகள் தோழிகளோடு பழையபடி பள்ளிக்குப் போய்வந்தாள். முள் நீங்கியது.

இரவில் கைகூப்பும்போது இப்போது கேட்க ஒன்று இருந்தது. அந்த மனிதரின் பேர் தெரியாது. பேர் தெரியாதவர்களையும் ஆண்டவனுக்கு அடையாளம் தெரியும் என்ற நம்பிக்கையில், “அந்த நெட்டையா இருக்கறவருக்கு” என்று மட்டும் சொல்வாள். வேறு யாருக்காகவும், தனக்காகவும்கூட, அவளுக்கு எதுவும் கேட்க வரவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது எடை அறைக்கு இன்னோர் ஆள் தேவைப்பட்டது. தர அதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

“தேர்வுன்னு சொன்னா எல்லாரும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒழுங்காச் செய்றாங்க. தப்பு நடக்கும்போது என்ன செய்வாங்கன்னுதான் எனக்குத் தெரியணும். இந்தத் தடவை நீங்க எடை போடுங்க. வர்றவங்க பக்கத்துல நின்னு பாக்கட்டும். வேணும்னே ஒரு தப்புப் பண்ணுங்க.”

“என்ன தப்பு மேடம்?”

“உங்க இஷ்டம். நாளைக்குள்ள சொல்லுங்க. எல்லாருக்கும் ஒரே தப்பா இருக்கணும். கண்ணாடி வழியா நான் அந்த இடத்தைத்தான் கவனிக்கணும்.” காகிதங்களை அடுக்கிக்கொண்டே தொடர்ந்தார். “உங்ககூட வந்தாரே, பாதியில டப்பாவை மூடினவர், அவரும் மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கார். கூப்பிட வேண்டாம்னு இருந்தேன். அனுபவம் இருக்கேன்னு கூப்பிட்டிருக்கேன்.”

அன்று அவள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். செய்ய எத்தனையோ தப்புகள் இருந்தன. சீட்டை மாற்றி ஒட்டலாம், தேதியைத் தப்பாக எழுதலாம், டப்பாவையே மாற்றி எடுக்கலாம். அவற்றையும் அவர் கண்டுபிடித்துக் கையைத் தூக்கலாம், வேலையும் கிடைக்கலாம். ஆனால் கெட்ட பழக்கம் என்று அவர்மேல் விழுந்த சொல் அப்படியே கிடக்கும். அதை எடுப்பதற்கு ஒரே ஒரு தப்புதான் இருந்தது.

மறுநாள் போய்ச் சொன்னாள். “பாத்திரத்தை வெச்சுட்டு, பூஜ்யமாக்காம விட்டுடறேன் மேடம்.”

அம்மாள் புருவத்தை உயர்த்தினார். “இவ்வளவு சின்னத் தப்பா? எடை அறையில வேலை பார்த்த யாராவது இதைச் செய்வாங்களா?”

“செய்வாங்க மேடம்.”

தேர்வன்று மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்த பெண் கடைசிவரை தலையாட்டிக்கொண்டே நின்று கையெழுத்தும் போட்டுவிட்டாள். இரண்டாவது வந்தவர் எல்லாம் முடிந்தபிறகு திடுக்கிட்டுக் கையைத் தூக்கினார். அவளுக்கு இருவர்மேலும் இரக்கமாக இருந்தது. ஆனாலும் கரண்டியை வேகமாகவோ மெதுவாகவோ கொண்டுபோகவில்லை.

மூன்றாவதாக அவர் குனிந்து நுழைந்தார். அங்கிக்குள் உடம்பு இன்னும் வற்றிப்போயிருந்தது. முகமூடிக்கு மேலே அவர் கண்கள் அவளை அடையாளம் கண்டன, ஒரு கணம் சிரித்தன, உடனே வேலைக்குத் திரும்பின. அவள் வேண்டுமென்றே தப்புச் செய்யப்போகிறாள் என்று அவருக்குத் தெரியாது. இந்தப் பெண் இங்கே வேலையில் இருக்கிறாள், கண்ணாடிக்குப் பின்னால் இவளுடைய அதிகாரி இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

அவள் பாத்திரத்தை வைத்தாள். விசையைத் தொடவில்லை. மூடியைத் திறந்தாள். கரண்டியில் பொடியை எடுத்தாள். மற்ற இருவருக்கும் போன அதே நிதானத்தில் கரண்டி போயிற்று. அவருக்காக ஒரு நொடி தயங்கினால்கூட அது கள்ளம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலான மரப்புக்குள் முதல் தடவையாக அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. வேலையில்லாத மாதங்கள் இவரையும் மாற்றியிருக்குமோ? கண் மங்கியிருக்குமோ?

நீண்ட கை வந்து டப்பாவை மூடியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. அம்மாள் எழுந்து நின்றிருந்தார்.

“சார், டப்பாவை ஏன் மூடினீங்க?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. “கைப்பழக்கம் மேடம்” என்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் அந்த நரைத்த தலை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு, “சரி சார். வெளியே உக்காருங்க. போயிடாதீங்க” என்று குரல் வந்தது, வழக்கத்தைவிடத் தணிந்து.

அன்று சாயங்காலமே அவருக்கு வேலை உத்தரவாகிவிட்டது. தர அதிகாரி அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. எடை அறையைத் துடைத்து, பாத்திரங்களைக் கழுவி அடுக்கி, விளக்கை அணைத்தாள். உடை மாற்றிக்கொண்டு வரும்போது, பேருந்து நிறுத்தத்தில் அவர் நிற்பது வாசல் கம்பிகளுக்கிடையே தெரிந்தது. யாரையோ எதிர்பார்ப்பவர்போலக் கம்பெனிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது போனால் அவர் பேசுவார். பேச்சுவாக்கில் எப்படியாவது நன்றி என்று ஒரு சொல் வந்துவிடும். அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு உரிமையில்லை. சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவளைப் பார்க்க யாருமில்லை, காவல்காரர்கூட அந்நேரம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

பேருந்து வந்தது. அவர் குனிந்து ஏறினார். அது திருப்பத்தில் மறையும்வரை நின்றிருந்துவிட்டு, அவள் வாசலைக் கடந்து அடுத்த பேருந்துக்குப் போய் நின்றாள்.